சார், இது கூட்டலா கழித்தலா?

கணக்கு டீச்சர் எல்லாருக்கும் பழகிப்போன கேள்விதான் இது. பையன் கணக்கை முழுசா ஒரு தடவை கூட படிச்சிருக்க மாட்டான், நம்பரை மட்டும் பொறுக்கிட்டு நம்ம முன்னாடி வந்து நிப்பான். பிரான்ஸ்ல ஒரு தடவை சின்னப் பசங்ககிட்ட "கப்பல்ல 26 செம்மறி ஆடு, 10 வெள்ளாடு இருக்கு, கேப்டனுக்கு என்ன வயசு"ன்னு கேட்டிருக்காங்க, நிறைய பேர் யோசிக்காம 36ன்னு எழுதிட்டாங்க!

புரிஞ்சுக்கோ, பிளான் பண்ணு, செய், சரிபாருன்னு கணக்கு போடறதுக்கு கணித மேதை ஜார்ஜ் போல்யா 1945லயே நாலு ஸ்டெப் சொல்லிட்டாரு. அதை சார்ட்ல எழுதி ஒட்டிட்டா ப்ராப்ளம் சால்விங் வந்துடும்னு சில ஸ்கூல்ல நினைக்கறாங்க. ஆனா அந்த முதல் ஸ்டெப் இருக்கே, அது பாடத்துக்குப் பாடம் வேற வேலை.

போகும்போது 40 கிமீ வேகம், அதே ரோட்ல திரும்பும்போது 60, சராசரி என்னன்னு கேளுங்க, கிளாஸே 50ன்னு கத்தும். நான் உடனே தப்புன்னு சொல்றதில்ல, தூரம் 120 கிமீன்னு வெச்சுக்கோ, எவ்ளோ நேரம் ஆகும்னு மட்டும் கேப்பேன். போக 3 மணி, வர 2 மணி, மொத்தம் 240 கிமீக்கு 5 மணி நேரம், அப்போ 48தானேன்னு அவங்களே முழிப்பாங்க, ஸ்லோவா போற நேரம்தான் அதிகம்னு அங்க ஒருத்தன் கண்டுபிடிச்சுடுவான்.

ஃபிசிக்ஸ்ல சாய்தளத்தைப் பார்த்ததும் பசங்க சாய்தள ஃபார்முலாவைத் தேடுவாங்க, விஷயம் தெரிஞ்சவங்க இது எனர்ஜி கன்சர்வேஷனான்னு, அதாவது மொத்த ஆற்றல் மாறாதுங்கற தத்துவமான்னு பார்ப்பாங்க, 1981ல உளவியல் ஆராய்ச்சியாளர் மிஷெலின் சீ டீம் செஞ்ச ஆராய்ச்சியிலயும் இதேதான் வந்துச்சு. அதனால விடையே வேணாம், பத்து கணக்கைக் கொடுத்து எது எந்தத் தத்துவம்னு பிரிக்க மட்டும் சொல்லுங்க. அக்கவுண்டன்சில ஜர்னல் என்ட்ரிக்கு (வரவு செலவை நோட்டுல பதியறதுக்கு) முன்னாடி எந்த ரெண்டு அக்கவுண்ட் மாறுதுன்னு வாயால சொல்ல வைக்கறதும் இதே ஜாதிதான்.

ஹிஸ்டரில ப்ராப்ளமான்னு சிரிக்காதீங்க. 1806 வேலூர் புரட்சிக்குக் காரணம் புதுத் தலைப்பாகைன்னு மனப்பாடம் பண்ணி வெச்சிருப்பான், அந்த உத்தரவு மெட்ராஸ் ஆர்மிக்கே போட்டதுதானே, வேலூர்ல ஏன் அவ்ளோ பெருசா வெடிச்சதுன்னு கேட்டுப் பாருங்க, திப்பு குடும்பத்தை அந்தக் கோட்டைலதான் வெச்சிருந்தாங்கன்னு தேடிப்பிடிச்சுட்டு வருவான்.

இன்னொண்ணு, புதுசா கத்துக்கறவனை "நீயே கண்டுபிடி"ன்னு அம்போன்னு விடாதீங்க. மொதல்ல முழுசா போட்ட கணக்கைக் காட்டுங்க, அடுத்ததுல கடைசி ஸ்டெப்பை மட்டும் விடுங்க, அதுக்கப்புறம் ரெண்டு ஸ்டெப். போர்ஷன் முடியாதுன்னு எச்எம் திட்டுவாங்கதான், ரிவிஷன்ல அந்த டைம் திரும்பக் கிடைச்சுடும்.