புது எம்சிபி இருந்தும் ஏன் ஷாக் அடித்தது?

போன வாரம் ஒரு வீட்டில் மாவு கிரைண்டரைத் தொட்ட எட்டாம் வகுப்புப் பெண்ணைக் கரண்ட் தூக்கி எறிந்துவிட்டது. நல்லவேளை, பிழைத்துக்கொண்டாள். எலக்ட்ரீஷியனான நான் போனபோது அவள் பாட்டி சொன்னார்: "ஆறு மாசமாவே லேசா சுள்ளுன்னு இருக்கும் தம்பி. செருப்புப் போட்டுக்கிட்டுதான் மாவு ஆட்டுவோம். இவ வெறுங்காலோட வந்துட்டா."

அவள் அப்பா போர்டைத் திறந்து எம்சிபியைக் காட்டினார். கரண்ட் அளவுக்கு மீறினால் தானாக 'விழுந்து' லைனைத் துண்டிக்கும் சுவிட்ச் அது. "புது எம்சிபி சார். போன தீபாவளிக்குத்தான் மாத்தினோம். ஏன் விழலை?"

இந்த வருடம் இந்தக் கேள்வியை நான்காவது முறையாகக் கேட்கிறேன். அதில் ஒரு முறை, சாவு வீட்டில்.

தயவுசெய்து இதைப் புரிந்துகொள்ளுங்கள். எம்சிபி இருப்பது சுவருக்குள் ஓடும் வயர் சூடாகித் தீப்பிடிக்காமல் இருக்க. உங்களுக்காக அல்ல. ஈர உடம்பின் மின்தடையைச் சுமார் 1000 ஓம் என்று வையுங்கள். 230 வோல்ட்டில் உடம்பு வழியாக ஓடுவது 0.23 ஆம்பியர். பழைய சீலிங் ஃபேன் ஒன்று இழுப்பதைவிடக் குறைவு. ஃபேன் ஓடும்போது எம்சிபி விழுகிறதா? அப்புறம் நீங்கள் துடிக்கும்போது மட்டும் எப்படி விழும்? 16 ஆம்பியர் எம்சிபியில் 18 ஆம்பியர் போனால்கூட ஒரு மணி நேரம் விழாமல் நிற்கலாம். அதன் தரவிதியே அப்படித்தான். இதயத்தை நிறுத்த 0.1 ஆம்பியர்கூட வேண்டாம்.

"எர்த் இருக்கே" என்பார்கள். கசியும் கரண்டை மண்ணுக்குக் கொண்டுபோகும் வயர் அது. அந்த வீட்டில் பிளக்கில் மூன்று பின்னும் இருந்தன. சாக்கெட்டைக் கழற்றினால் எர்த் வயரை எதிலும் மாட்டாமல் சுருட்டி உள்ளே தள்ளியிருந்தார்கள். என் தொழிலைச் செய்கிற ஒருவர்தான் அதைச் செய்திருக்கிறார். எனக்கு வெட்கமாக இருக்கிறது. சரி, மாட்டியே இருந்தாலும், வெயிலில் காய்ந்து எர்த் குழியின் மின்தடை 20 ஓம் காட்டினால் 11.5 ஆம்பியர்தான் ஓடும். அதற்கும் 16 ஆம்பியர் எம்சிபி அசையாது.

ஆளைக் காப்பாற்றுவது ஆர்சிசிபி என்ற இன்னொரு சுவிட்ச். கடைக்காரர்கள் இன்னும் இஎல்சிபி என்றே சொல்வார்கள். ஃபேஸில் போன கரண்ட் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று மட்டும் அது பார்க்கும். 0.03 ஆம்பியர் குறைந்தாலே கண் இமைப்பதற்குள் விழும். 30 மில்லி ஆம்பியர் என்று கேட்டு வாங்குங்கள். 100, 300 என்று கிடைப்பவை ஆளுக்கானவை அல்ல. எம்சிபியும் கூடவே இருக்க வேண்டும். ஒரு கையில் ஃபேஸ், மறு கையில் நியூட்ரல் என்று பிடித்தால் ஆர்சிசிபிக்கும் தெரியாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

"மழை வந்தா அடிக்கடி விழுது, கழட்டிடுங்க" என்று கூப்பிடுகிறார்கள். கழற்ற மாட்டேன். எங்கோ கரண்ட் கசிகிறது, அதனால் விழுகிறது. மோட்டாரோ கீசரோ, ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்து அதைச் சரிசெய்யுங்கள். இன்வெர்ட்டர் லைன் பல வீடுகளில் ஆர்சிசிபி வழியாகப் போகாமல் தனியாகப் போகிறது. எலக்ட்ரீஷியன் வரும்போது அதையும் கேளுங்கள்.

துணி காயப்போடும் கம்பியை சர்வீஸ் வயர் வரும் இரும்புப் பைப்பில் கட்டாதீர்கள். கட்டியிருந்தால் நீங்களே தொடாதீர்கள், மெயினை அணைத்தாலும் சர்வீஸ் வயரில் கரண்ட் இருக்கும். மின்வாரியத்தைக் கூப்பிட்டு இன்றே அவிழ்க்கச் சொல்லி, வேறு இடத்தில் நைலான் கயிறு கட்டுங்கள். யாரையாவது கரண்ட் பிடித்தால் ஓடிப்போய்த் தொடாதீர்கள், மெயினை அணையுங்கள்.

"லேசா சுள்ளுன்னு இருக்கு" என்றால் அந்தப் பொருளை அன்றே பிளக்கிலிருந்து பிடுங்கிவிடுங்கள் அம்மா. இரண்டு நாள் கடையில் மாவு வாங்கிக்கொள்ளலாம். ஏற்கெனவே ஆர்சிசிபி வைத்திருப்பவர்கள் அதிலுள்ள 'டி' பட்டனை இப்போதே போய் அமுக்கிப் பாருங்கள். விழவில்லை என்றால் மாற்றிவிடுங்கள்.