மேக்னெட்டோஸ்ட்ரிக்‌ஷன், அண்டர்லேயர்: தமிழில் என்ன சொல்லலாம்?

மேக்னெட்டோஸ்ட்ரிக்‌ஷன் என்ற சொல்லின் பின்பாதி லத்தீனிலிருந்து வந்தது. 'ஸ்ட்ரிங்கெரே' என்றால் இறுக்கிக் கட்டுவது. கண்டிப்பு என்ற பொருளில் நாம் சொல்லும் 'ஸ்ட்ரிக்ட்', பாடப்புத்தகத்தில் திரிபு என்று படித்த 'ஸ்ட்ரெயின்' இரண்டும் இதே வேரில் கிளைத்தவை. முன்பாதி 'மேக்னெட்டோ' என்றால் காந்தம். காந்தம் என்ற நம் சொல்லோ வடமொழி 'அயஸ்காந்தம்' என்பதன் சுருக்கம்தான். இரும்புக்குப் பிரியமானது என்று பொருள். இயற்பியல் சொல்லுக்குள் இப்படி ஒரு காதல் கதை.

பொருள் எளிது. காந்தப்புலத்தில் வைத்தால் சில பொருள்களின் நீளம் கொஞ்சம் மாறும். 1842-ல் ஜேம்ஸ் ஜூல் இதை இரும்பில் கண்டார். எவ்வளவு கொஞ்சம் என்றால், 1 மீட்டர் நிக்கல் கம்பி முழுக்கக் காந்தமானாலும் சுமார் 35 மைக்ரோமீட்டர்தான் குறுகும், ஏறக்குறைய தலைமுடித் தடிமனில் பாதி. டெர்பியம், டிஸ்ப்ரோசியம், இரும்பு கலந்த டெர்ஃபெனால்-டி என்ற உலோகக்கலவையோ மீட்டருக்கு 1 மில்லிமீட்டரையும் தாண்டும். மின்மாற்றி பக்கத்தில் கேட்கும் 'ம்ம்ம்' என்ற ரீங்காரத்துக்கும் பெரும்பாலும் இதுவே காரணம். புலம் எந்தப் பக்கம் திரும்பினாலும் உருக்கின் நீளம் ஒரே மாதிரி மாறுவதால், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 100 ஹெர்ட்ஸ் ஒலி எழும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? வேரைப் பிடித்துக்கொண்டு 'காந்தச் சுருக்கம்' என்றால் தப்பாகிவிடும். நிக்கல் சுருங்கும், இரும்போ மெல்லிய புலத்தில் நீண்டு, புலம் மிகும்போது சுருங்கத் தொடங்கும். 'காந்த விரிவு' என்றாலும் இதே சிக்கல். என் தேர்வு 'காந்தத்திரிபு'. நீள்வதும் குறுகுவதும் அதில் அடங்கும். 'ஸ்ட்ரெயின்' என்பதற்கு ஏற்கெனவே திரிபு என்று வைத்திருப்பதால், வேரின் உறவும் அறுந்துபோகாது.

அடுத்தது அண்டர்லேயர். கண்ணாடி அல்லது சிலிக்கான் தகட்டின் மேல் சில நானோமீட்டரிலிருந்து சில மைக்ரோமீட்டர் வரை தடிமனாகப் படியவைக்கும் காந்தப் பொருளை மென்படலம் என்கிறோம். அந்தத் தகட்டுக்கும் மென்படலத்துக்கும் நடுவே முதலில் படியவைக்கும் வேறொரு உலோக அடுக்குதான் அண்டர்லேயர். 'அடிப்படலம்' என்று எழுதலாம்தான். ஆனால் தகட்டை அடித்தளம் என்று எழுதும்போது இரண்டும் குழம்பும். அதனால் 'கீழ்ப்படலம்' நல்லது. (தகட்டை 'அடி மூலக்கூறு' என்று எழுதுவதைத் தயவுசெய்து விட்டுவிடலாம். அங்கே மூலக்கூறுக்கு வேலையே இல்லை.)

பெயரில் 'கீழ்' இருந்தாலும் மேலே நடப்பதை அதுதான் பாதி தீர்மானிக்கிறது. இரும்பும் கோபால்ட்டும் கலந்த படலத்தை நேராகக் கண்ணாடியில் படியவைத்தால் படிகமணிகள், அதாவது படலத்தில் உள்ள சிறு படிகத் துணுக்குகள், பெரிதாக வளரும். அதன் காந்த நீக்குவிசை, அதாவது ஏறிய காந்தத்தை நீக்கத் தேவைப்படும் எதிர்ப்புலம், நூறு ஓர்ஸ்டெட்டுக்கு (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) மேல் போய்விடும். அடியில் 2 அல்லது 3 நானோமீட்டர் செம்பு வைத்துவிட்டால், அதாவது ஒரு டஜன் அணு அடுக்கு அளவுக்கு, அது பத்துப் பன்னிரண்டு ஓர்ஸ்டெட்டுக்கு இறங்கிவிடும். செம்பின் மேல் மணிகள் பொடியாக வளர்வதுதான் காரணம். பொடி மணிகள் ஒவ்வொன்றும் காந்தத்தைத் தன் திசைக்கு இழுத்தாலும், பக்கத்து மணிகளோடு காந்தப் பிணைப்பு இருப்பதால் அந்த இழுப்புகள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுகின்றன. அப்புறம் சிறிய புலமே படலத்தைத் திருப்பப் போதும். உணரிகளுக்கு வேண்டியதும் இதுதான்.

காந்தத்திரிபு உள்ள படலத்துக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. படியும்போதே அதில் தகைவு, அதாவது உள்ளிழுப்போ அழுத்தமோ, தேங்கும். அந்தத் தகைவையும் திரிபின் அளவையும் பெருக்கினால் வரும் ஆற்றல், காந்தத்தை ஒரு திசையில் பூட்டிவைக்கப் பார்க்கும். திரிபு பெரிதாக இருக்க இருக்கப் பூட்டும் இறுகும். பெர்மலாய் என்ற நிக்கல்-இரும்புக் கலவையில் 81 சதவீதம் வரை நிக்கல் சேர்த்துத் திரிபைச் சுழிக்குப் பக்கத்தில் கொண்டுவருவது இந்தத் தொல்லையிலிருந்து தப்பிக்கத்தான். திரிபே வேண்டும் என்பவர்களுக்கு அந்த வழி கிடையாது; தகைவைத்தான் குறைத்தாக வேண்டும். கீழ்ப்படலம் இங்கேயும் கைகொடுக்கும்.

படிகம் எந்தத் திசை பார்த்து வளர்கிறது என்பதும் கீழ்ப்படலத்தின் கையில். ஒற்றைப் படிக இரும்பு, அதன் அணுக்கள் அமைந்த கனசதுரத்தின் விளிம்புத் திசையில் மீட்டருக்குச் சுமார் 20 மைக்ரோமீட்டர் நீளும். கனசதுரத்தின் உள்ளே எதிரெதிர் மூலைகளை இணைக்கும் மூலைவிட்டத் திசையிலோ ஏறக்குறைய அதே அளவு சுருங்கும். ஆக, மணிகளைத் திருப்பி வளர்த்தால் திரிபின் குறியே மாறலாம். நிக்கல்-இரும்புக்கு அடியில் டாண்டலம் வைப்பதும் மணிகளை ஒரே முகமாக அடுக்கத்தான். இந்த வேலைக்கு வைக்கும் கீழ்ப்படலத்தை 'சீட் லேயர்' என்பார்கள். 'விதைப்படலம்' என்றால் அப்படியே பொருந்தும்.

விதை சில சமயம் மேலே உள்ளதையும் கொஞ்சம் தின்றுவிடும். டாண்டலமும் நிக்கல்-இரும்பும் சந்திக்கும் இடத்தில் அணுக்கள் கலந்து, ஒரு நானோமீட்டர் அளவுக்குக் காந்தமே இல்லாத பட்டை உண்டாகும். ஆய்வுக்கூடத்தில் அதை 'டெட் லேயர்' என்கிறார்கள். 'செத்த படலம்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. 'காந்தமிலாப் படலம்' என்றே எழுதுகிறேன்.