மூலிகை அறிவைக் கேட்டு வருபவரிடம் வாய் திறக்கும் முன்

பழங்குடி மக்களும் நாட்டு வைத்தியர்களும் காத்துவரும் அறிவை வணிகத்துக்குப் பயன்படுத்துவோர், வரும் பலனில் அவர்களுக்கும் பங்கு தர வேண்டும் என்கிறது 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம். சென்னையில் தேசிய பல்லுயிர் ஆணையம், மாநிலத்துக்கு ஒரு வாரியம், உள்ளாட்சி அளவில் பல்லுயிர் மேலாண்மைக் குழு என மூன்று அடுக்குகள் இதற்காக உள்ளன. முன்னுரை இவ்வளவு போதும். மக்கள் எங்கே ஏமாறுகிறார்கள் என்பதுதான் இங்கு பேச வேண்டியது.

ஊரார் சம்மதிக்காவிட்டால் எதுவும் நடக்காது என்று பலர் நம்புகிறார்கள். சட்டத்தின் 41ஆம் பிரிவு அப்படிச் சொல்லவில்லை. ஆணையமும் வாரியமும் முடிவெடுக்கும்போது மேலாண்மைக் குழுவைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்பதோடு அது நின்றுவிடுகிறது. அந்தக் குழுவை அமைப்பது உள்ளாட்சி மன்றம். மருந்து அறிந்தவர் அதில் இருப்பார் என்பதற்கு உறுதியில்லை. குழுவின் உறுப்பினர்கள் யார் என்று கேட்டால் வாரியத்தைக் கேட்கச் சொல்வார்கள், வாரியமோ ஊராட்சியைக் கேட்கச் சொல்லும். அலையாமல், பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்ட மனுவாகப் போட்டுவிடுங்கள்.

சம்மதம் என்ற சொல்லுக்கு வலு தேடுவோர் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தையும் கையில் எடுக்க வேண்டும். அதன் 3(1)(k) பிரிவு, பல்லுயிர் சார்ந்த மரபறிவின் மீதும் அறிவுசார் சொத்தின் மீதும் சமூகத்துக்கு உரிமை தருகிறது. ஆனால் சமூக உரிமைக் கோரிக்கைப் படிவத்தை நிரப்புகிறவர்கள் தேன், கடுக்காய், மேய்ச்சல் ஆகியவற்றை எழுதிவிட்டு, இந்த உரிமைக்கான வரியை வெற்றாக விட்டுவிடுகிறார்கள். அந்த வரியை நிரப்பி, கிராம சபைத் தீர்மானத்திலும் அதைச் சேர்த்து, முத்திரையிட்ட நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த பொறி, ஊரின் செடிகொடிகளையும் அவற்றைப் பற்றிய அறிவையும் மேலாண்மைக் குழு எழுதி வைக்கும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2020 ஜனவரி 31 வரை கெடு விதித்ததும், நாடெங்கும் அவசர அவசரமாக இந்தப் பதிவேடுகள் நிரப்பப்பட்டன. உங்கள் ஊர்ப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். செடியின் பெயரும் நோயின் பெயரும் இருந்து, அறிந்தவர் யார் என்ற இடம் காலியாக இருந்தால், நாளை பலன் வரும்போது உரியவர் அடையாளம் காணப்படவில்லை என்று பணம் பொது நிதிக்குப் போய்விடும். மாறாக, எந்த வேரை எந்த அளவில் எதனுடன் அரைப்பது என்பதுவரை எழுதிக் கொடுத்துவிட்டால், பதிவேடு யார் கைக்குப் போகிறதோ அவர் உங்களைத் தேடி வர வேண்டியதே இல்லை. ஆகவே பெயரைப் பதியச் செய்து, பக்குவத்தை இரகசியப் பகுதியாக வைக்கும்படி எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாகச் சொன்னதை எந்த அலுவலகமும் நினைவில் வைத்திருப்பதில்லை.

வெளிநாட்டினரும் வெளிநாட்டுக் கட்டுப்பாட்டிலுள்ள நிறுவனங்களும் முன்கூட்டியே ஆணையத்தின் ஒப்புதல் பெற வேண்டும்; உத்தரவைக் காட்டச் சொல்லலாம். பெரும்பாலும் படியேறி வருபவர்கள் அவர்கள் அல்லர். ஆய்வுக்கென்று வரும் இந்தியர் பல்லுயிர்ச் சட்டப்படி யாரிடமும் முன் ஒப்புதல் பெறத் தேவையில்லை. நல்ல எண்ணத்துடன் அவர் வெளியிடும் ஒரு கட்டுரை உங்கள் அறிவை உலகுக்குத் திறந்துவிட்டால், பிறகு பேரம் பேச ஒன்றும் மிஞ்சாது. எதை வெளியிடலாம், எதை வெளியிடக் கூடாது, வணிகமானால் மீண்டும் யாரிடம் கேட்க வேண்டும் என்பதைத் தமிழில் எழுதி இரு தரப்பும் கையெழுத்திட்ட பிறகே பேசுங்கள். ஆங்கிலத் தாளிலோ வெற்றுத்தாளிலோ கைரேகை வைக்காதீர்கள்.

பல்லுயிர்ச் சட்டத்தின் 2023ஆம் ஆண்டுத் திருத்தம் உள்நாட்டு நிறுவனங்களுக்குப் பெரிய வாசலைத் திறந்துவிட்டது. பழைய மருத்துவ நூல்களில் தொகுக்கப்பட்ட மரபறிவுக்கும் பயிரிட்ட மூலிகைகளுக்கும் பங்கு தருவதிலிருந்து அவர்களுக்கு விலக்கு உண்டு. பயிரிட்டது என்பதற்கு மேலாண்மைக் குழுவின் சான்று வேண்டும். காட்டில் பறித்ததற்கு அந்தச் சான்றில் கையெழுத்திடும் உறுப்பினர், தம் ஊரின் பங்கைத் தாமே விட்டுக்கொடுக்கிறார்.

பங்கு கிடைத்தாலும் தகராறு தீர்ந்துவிடுவதில்லை. அகத்தியமலையின் பழங்குடியினரான காணிகள் ஆரோக்கியப்பச்சை என்ற செடியின் குணத்தை ஆய்வாளர்களுக்குக் காட்டியது 1987இல். கேரளத்தின் பாலோட்டிலுள்ள ஆய்வு நிறுவனம் அதிலிருந்து ஜீவனி என்ற மருந்தை உருவாக்கி, 10 லட்சம் ரூபாய்க் கட்டணத்துக்கும் விற்பனையில் 2 சதவீத உரிமத்தொகைக்கும் ஒரு நிறுவனத்துக்கு உரிமம் தந்தது. அதில் பாதி காணிகளுக்கு என்றானது. அதைப் பெறுவதற்கான அறக்கட்டளை 1997இல்தான் பதிவானது. செடியைக் காட்டியவர்கள் ஒரு பகுதியினர்; தங்களைக் கேட்கவில்லை என்று மற்றப் பகுதிக் காணிகள் எதிர்த்தார்கள். யார் சார்பில் யார் பேசுவது என்பதை முதல் ஆள் வருமுன்னரே ஊர்கூடி முடிவு செய்துகொள்வது இதனால்தான் அவசியம்.

ஏற்கெனவே பறிகொடுத்தவர்கள் காவல் நிலையம் போக வேண்டாம். திருத்தத்துக்குப் பிறகு சிறைத்தண்டனை இல்லை. 1 லட்சம் முதல் 50 லட்சம் ரூபாய் வரையிலான அபராதத்தைத் தீர்ப்பு அதிகாரி முடிவு செய்வார். உங்கள் அறிவின் மீது யாரேனும் தந்த காப்புரிமை விண்ணப்பம் இன்னும் நிலுவையில் இருந்தால் அதைவிட நல்ல வழி உண்டு. காப்புரிமைச் சட்டத்தின் 25(1)(k) பிரிவின்படி, அது உள்ளூர்ச் சமூகத்தில் வழங்கிவந்த அறிவு என்று காட்டி யாரும் எதிர்ப்பு மனு தரலாம். வாய்வழி அறிவும் செல்லும். காப்புரிமை வழங்கப்பட்டுவிட்டால், அக்கறையுள்ள தரப்பினர் மட்டும் ஓராண்டுக்குள் எதிர்க்கலாம்.