தொண்டையில் சுரப்பது சினைக்கு எதற்கு?

இரணைமடுப் பக்கம் குளத்து மீன் வாங்கினால், வெட்டித் தருகிற அம்மாவிடம் சினை மீனாகப் பார்த்துக் கேட்பேன். திலாப்பியாவின் வயிற்றைக் கீறியதும் மஞ்சள் சினை வழுக்கிக்கொண்டு வரும். "பாருங்கோ தம்பி, நல்லாக் கட்டியிருக்கு" என்பார். அடுத்த நிமிடம் பூவையும் (மீன் மூச்சுவிடும் செவுள்) தொண்டைச் சதையையும் சேர்த்துப் பிய்த்து, காத்திருக்கும் பூனைக்கு எறிவார். பூனை தின்றுவிட்டுப் போகிற அந்தத் துண்டில் இருக்கும் தைரொயிட் சுரப்பிக்கும் சட்டிக்குப் போகிற சினைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

மனிதரில் தைரொயிட் ஒரே சுரப்பியாகக் கழுத்தில் இருக்கும். பெரும்பாலான முள் மீன்களில் அப்படியில்லை. பூவுக்குக் கீழே, இதயத்திலிருந்து வரும் பெரிய இரத்தக் குழாயைச் சுற்றி, சிந்திய கடுகு போலச் சிதறிக் கிடக்கும். வெறுங்கண்ணுக்குப் பிடிபடாது. அதற்கு வேண்டிய அயடீனில் ஒரு பகுதியை மீன் தண்ணீரிலிருந்தே பூ வழியாக இழுத்துக்கொள்ளும். (எங்களுக்கு அந்தச் சிரமம் இல்லை, உப்பிலேயே கலந்து தருகிறார்கள்.)

சுரப்பியிலிருந்து பெரும்பாலும் வெளியே வருவது நாலு அயடீன் கொண்ட தைரொட்சின் என்ற ஓமோன், இரத்தப் பரிசோதனைத் துண்டில் ரி-4 என்று எழுதியிருப்பார்களே, அதுதான். அது கையிருப்புச் சரக்கு. போய்ச் சேரும் இழையத்தில் ஒரு நொதியம் ஒரு அயடீனைக் கழற்றி அதை ரி-3 ஆக்கும். வேலை செய்வது முக்கியமாக இந்த ரி-3.

சரி, இரத்தத்தோடு உடம்பெல்லாம் சுற்றும் ஓமோன், எங்கே வேலை செய்வது என்று எப்படித் தெரிந்துகொள்கிறது? அது தெரிந்துகொள்வதில்லை. வாய்க்கால் எல்லா வயலோரமும்தான் ஓடுகிறது. வக்கடை (வரப்பில் தண்ணீர் விடும் வாய்) திறந்த வயலில்தான் தண்ணீர் ஏறும். அந்த வக்கடையில் நிற்கிற ஆள்தான் வாங்கி. இது கலத்தின் கருவுக்குள், டிஎன்ஏயின் குறிப்பிட்ட இடங்களில், பெரும்பாலும் ஒரு கூட்டாளிப் புரதத்தோடு சோடியாக உட்கார்ந்திருக்கும் ஒரு புரதம்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம், ஓமோன் வராத நேரத்திலும் இந்த ஆள் சும்மா நிற்பதில்லை என்பது. தடுப்புப் புரதங்களைக் கூட்டி வைத்துக்கொண்டு, பல மரபணுக்களை வேலை செய்ய விடாமல் அமுக்கிப் பிடித்திருப்பான், வக்கடையில் மண்கட்டியை வைத்து மிதித்துக்கொண்டு நிற்பது போல. ரி-3 வந்து பொருந்தியதும் வாங்கியின் வடிவம் சற்று மாறும். தடுப்புப் புரதங்கள் விலகும், தூண்டும் புரதங்கள் வந்து ஒட்டும், மரபணு ஓடத் தொடங்கும். அடைத்தவனே மண்வெட்டி எடுத்துத் திறந்தும் விடுகிறான்.

இந்த வாங்கி பிடிபட்டது 1986இல், அதுவும் கோழிகளுக்குப் புற்றுநோய் கொண்டுவரும் ஒரு வைரசின் மரபணுவைத் துருவிக்கொண்டு போனபோது. மனிதருக்கு இதில் அல்பா, பீட்டா என இரண்டு மரபணுக்கள். முள் மீன்களின் மூதாதையில், 30 கோடி ஆண்டுகளுக்கும் முன், மரபணுத் தொகுதி முழுவதுமே இரட்டிப்பானது. அதனால் பல மீன்களில் அல்பா இரண்டு பிரதிகளாக இருக்கும்.

தைரொயிட் என்றால் வளர்ச்சி, உருமாற்றம் என்றுதான் முன்பு படித்தோம். தட்டை மீன் குஞ்சின் ஒரு கண் மறுபக்கம் நகர்வதுகூட இந்த ஓமோன் ஏவுகிற வேலைதான். அப்புறம் சூலகத்திலும் விதையிலும் வாங்கி இருப்பது தெரிந்தது. வக்கடை இருந்தால் அந்த வயலும் பாய்ச்சலில் சேர்த்திதானே.

ஆண் மீனின் விதையில் சேர்ட்டோலிக் கலங்கள் என்று உண்டு. விந்தாகப் போகும் கலங்களைச் சிறு சிறு கூட்டமாகப் பொதிந்து வளர்க்கும் தாதிகள் இவை. ஒரு தாதி பார்க்கக்கூடிய பிள்ளைகளுக்கு அளவு உண்டு. ரி-3 கொடுத்தபோது திலாப்பியாவிலும் சீப்ரா மீனிலும் இந்தத் தாதிக் கலங்கள் பெருகின. தாதி கூடினால் விந்தும் கூட இடமுண்டு. சீப்ரா மீன் குஞ்சுகளுக்குத் தைரொயிட்டை முடக்கி வளர்த்தால் பெண்கள் கூடுகின்றன, தைரொட்சின் கொடுத்தால் ஆண்கள் கூடுகின்றன. பட்டாசில் சேரும் பெர்குளோரேற்று என்ற உப்பு அயடீனின் வழியை மறிக்கும். அந்தத் தண்ணீரில் வளர்ந்த குஞ்சுகளிலும் பெண் பக்கமே எண்ணிக்கை சாய்ந்தது.

பெண் மீன் விஷயம் இவ்வளவு நேராகப் போகாது. முட்டையைச் சுமக்கும் சூல் பைகள் ஈஸ்திராடையோல் என்ற பெண் ஓமோனைச் சுரக்க, அது ஈரலுக்குப் போய் மஞ்சட்கருப் புரதத்தைச் செய்விக்க, அந்தப் புரதம் இரத்தத்தில் வந்து முட்டையில் சேரும். சினை மஞ்சளாய்ப் பருப்பது இப்படித்தான். வானவில் டிரவுட் மீனின் சூல் பைகளில் ரி-3 இந்த ஈஸ்திராடையோலைக் கூட்டிவிடுகிறது. தங்க மீனிலோ அதைச் செய்யும் நொதியத்தை அடக்குகிறது. ஆகவே ஒரு மீனில் கண்டதை வைத்து எங்கள் குளத்து விராலுக்குக் கணக்குச் சொன்னால் நான் நம்பமாட்டேன்.

ஓமோனில் கொஞ்சம் முட்டைக்குள்ளும் போய்ச் சேரும். பொரிக்க முன்னும் பொரித்த புதிதிலும் குஞ்சுக்குச் சொந்தத் தைரொயிட் வேலை தொடங்கியிருக்காது. அதுவரை தாய் மஞ்சட்கருவில் கட்டிக் கொடுத்ததுதான். சீப்ரா மீனில் வாங்கியைச் செய்வதற்கான செய்தியையும் தாயே முட்டைக்குள் வைத்து அனுப்புகிறது. மொசாம்பிக் திலாப்பியாத் தாய் முட்டைகளை வாய்க்குள் வைத்து அடைகாக்கும். அந்த நாட்களில் பிடிபட்ட மீனின் வாயைத் திறந்தால், கடுகைவிடப் பெரிய மஞ்சள் முட்டைகள் நாக்கடியில் குவிந்திருக்கும். அவற்றிலிருந்து ஒரு விரலளவு தள்ளி, தொண்டைச் சதைக்குள், அந்தச் சிதறிய சுரப்பி.