லடாக்கியா: புகை போட்ட புகையிலை

பைப் என்கிறோமே, அதற்குத் தமிழில் சுங்கான் என்றொரு பெயர் இருக்கிறது. அந்தச் சுங்கானில் இட்டு நிரப்பும் புகையிலைக் கலவைகளின் டப்பாக்களில் அடிக்கடி தென்படும் சொல் லடாக்கியா. இதை ஒரு செடியின் பெயர் என்று நினைப்பவர்கள் பலர். உண்மையில் இது ஓர் ஊரின் பெயர்.

சிரியாவின் மத்தியதரைக் கடற்கரையில் உள்ள துறைமுக நகரம் அது. அலெக்சாந்தருக்குப் பின் அப்பகுதியை ஆண்ட முதலாம் செலூக்கஸ், தன் தாய் லவோதிக்கேயின் பெயரை அதற்கு வைத்தார். லவோதிக்கேயா என்ற கிரேக்கப் பெயர் அரபியில் அல்-லாதிகியா ஆனது. ஐரோப்பிய வாயில் லடாக்கியா ஆனது. ஒரு தாயின் பெயர் ஊருக்குப் போய், அப்புறம் அங்கிருந்து கப்பலேறிய இலைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

அந்த இலையின் தனித்தன்மை விளையும் விதத்தில் இல்லை, பாடம் செய்யும் விதத்தில் இருக்கிறது. கீழை நாட்டுச் சிற்றிலைப் புகையிலையை வெயிலில் உலர்த்துகிறார்கள். பிறகு கொட்டகையில் தொங்கவிட்டு, கீழே மணமுள்ள மரங்களையும் புதர்களையும் கனலவிட்டு, நாள்கணக்கில் புகை காட்டுகிறார்கள். இலை கன்னங்கரேலென்று ஆகிவிடும். விறகடுப்பும் தோலும் கலந்ததுபோல ஒரு வாசனை ஏறும். விற்காத இலை வீட்டுக் கூரையடியில் கிடந்து அடுப்புப் புகை பட்டதில்தான் இந்த முறை பிறந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். கதையாகவே எடுத்துக்கொள்வோம்.

பின்னாளில் சைப்ரஸ் தீவிலும் இதே முறையில் இலையைத் தயாரித்தார்கள். அதற்கும் லடாக்கியா என்றே பெயர். கோழிக்கோட்டின் பெயரால் வந்த காலிகோ துணி, எங்கே நெய்தாலும் காலிகோவாகவே இருப்பதைப் போலத்தான்.

கலவைகளில் இது பெருங்காயம் மாதிரி. இனிப்புச் சாயலுள்ள வர்ஜீனியாப் புகையிலை அடித்தளம், கீழை நாட்டு இலைகள், அதோடு லடாக்கியா: இந்தச் சேர்க்கையை ஆங்கிலக் கலவை என்பார்கள். கீழை இலைகள் தூக்கலாக இருந்தால் பால்கன் கலவை. டப்பாக்களில் காணும் பெயர்கள் எல்லாம் ஒரே வகைப்பட்டவை அல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். பர்லி என்பது இலையின் வகை. கேவண்டிஷ் என்பது ஆவியும் அழுத்தமும் கொடுத்து இலையை மென்மையாக்கும் முறை. பெரிக் அமெரிக்காவின் லூசியானாவில் பீப்பாய்க்குள் அழுத்திப் புளிக்கவைத்த இலை. இவை எல்லாவற்றையும் ரகம் என்ற ஒரே சொல்லில் அடக்கினால் பொருள் குழம்பும்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? புகையிலை என்ற சொல்லே நம்முடைய ஆக்கம். டொபாக்கோவைக் கடன் வாங்காமல் புகை, இலை என்ற இரண்டையும் சேர்த்துக்கொண்டோம். மலையாளத்தின் புகயில, தெலுங்கின் பொகாக்கு, கன்னடத்தின் ஹொகெசொப்பு மூன்றிலும் அதே புகைதான். அப்படியிருக்க, புகையில் பதமான இலைக்குப் புதிதாக ஒரு கலைச்சொல்லைச் செதுக்கத் தேவையில்லை. யாழ்ப்பாணத்தில் தேங்காய்ப் பொச்சைப் புகையவிட்டுப் புகையிலையைப் பாடம் செய்வது வழக்கம். அந்த யாழ்ப்பாணப் புகையிலை ஒருகாலத்தில் திருவிதாங்கூர்வரை போய் விற்றது. வாழைத்தாருக்கும் புகை போடுகிறோம். ஆகவே, புகை போட்ட புகையிலை என்பதே இதற்குப் பொருத்தம் என்பது என் கருத்து.

ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. அமெரிக்காவின் கெண்டக்கியிலும் நெருப்பு மூட்டிப் புகையில் பாடம் செய்யும் இலை உண்டு. அதுவும் புகை போட்டதுதான், ஆனால் லடாக்கியா அல்ல. அதனால் முறையைச் சொல்லும்போது புகை போட்ட புகையிலை என்றும், இந்தக் குறிப்பிட்ட இலையைச் சொல்லும்போது லடாக்கியாப் புகையிலை என்றும் எழுதலாம்.