15 வருடம் தாண்டிய பைக்கை ஓட்டலாமா? ஆர்.சி. புதுப்பித்தல் பற்றி

"வண்டிக்குப் பதினைஞ்சு வருசம் முடிஞ்சிருச்சே, இனி ரோட்டுல எடுக்கக் கூடாதாமே?" என்னுடைய யமஹா ஆர்.எக்ஸ். 100 பைக்கைப் பார்த்து இந்தக் கேள்வியை யாராவது கேட்காத மாதம் இல்லை. சேலம் அஸ்தம்பட்டி சிக்னலில் கேட்கிறார்கள், ஏற்காடு அடிவாரத்து டீக்கடையில் கேட்கிறார்கள். கேட்பவர்களில் பலர் வீட்டில் அப்பாவோ மாமாவோ ஓட்டிய ஒரு வண்டி தார்ப்பாய்க்கு அடியில் நின்றுகொண்டிருக்கும். பயந்துபோய்க் காயலான் கடையில் எடைக்குப் போட்டவர்களையும் எனக்குத் தெரியும். நன்றாக ஓடக்கூடிய வண்டி அப்படிப் போவதைப் பார்த்தால் மனசு தாங்குவதில்லை. சட்டம் அப்படிச் சொல்லவே இல்லை என்பதுதான் காரணம்.

1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 41-ஆம் பிரிவு சொல்வது இவ்வளவுதான்: சொந்த உபயோக வண்டியின் பதிவுச் சான்று, அதாவது ஆர்.சி., 15 வருடம் செல்லும். அப்புறம் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். இத்தனை தடவைதான் என்று வரம்பு கிடையாது. வண்டி நல்ல நிலையில் இருந்தால் இருபது, முப்பது, நாற்பது வருடம் கழித்தும் சாலையில் ஓட்டலாம்.

பிறகு இந்தப் பயம் எங்கிருந்து வந்தது? டெல்லியிலிருந்து. அங்கே காற்று மாசு காரணமாக, 10 வருடம் தாண்டிய டீசல் வண்டிக்கும் 15 வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தடை போட்டது. 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை நிறைவேற்றச் சொன்னது. அது தலைநகர் வட்டாரத்துக்கான விவகாரம். இன்னொன்று, 2023 ஏப்ரல் 1 முதல் 15 வருடம் முடிந்த அரசு வண்டிகளின் பதிவைப் புதுப்பிப்பதில்லை என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தது. அது அரசுத் துறை வண்டிகளுக்கு. இரண்டையும் சேர்த்துக் குழப்பி வாட்ஸப்பில் வந்ததைத்தான் நம் ஊரில் சட்டம் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம்.

எப்போது, எவ்வளவு?

ஆர்.சி.யில் போட்டிருக்கும் கடைசித் தேதிக்கு 60 நாள் முன்னதாகவே படிவம் 25-ல் விண்ணப்பிக்கலாம். கட்டணத்தில் வண்டியின் வயது முக்கியம். 2022 ஏப்ரல் முதல் மோட்டார் சைக்கிளுக்குப் புதுப்பித்தல் கட்டணம் 1,000 ரூபாய்; அதற்கு முன்பு 300-தான். 2025 ஆகஸ்டில் வந்த திருத்தத்தின்படி 20 வருடம் தாண்டிய மோட்டார் சைக்கிளுக்கு 2,000. ஆர்.எக்ஸ். 100 வந்தது 1985-ல், நின்றது 1996-ல். பழைய யெஸ்டி பைக்கும் 1996-ல் நின்றுவிட்டது. ஆக, இந்த இரண்டில் எதை வைத்திருந்தாலும் உங்கள் கணக்கு 2,000-தான். ஸ்மார்ட் கார்டுக்குத் தனி. தமிழ்நாட்டில் 15 வருடம் தாண்டிய சொந்த வண்டிக்குப் பசுமை வரியும் உண்டு, அதையும் ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை கட்ட வேண்டும்.

இதெல்லாம் பெரிய பணம் இல்லை. தாமதம்தான் ஆளைச் சாய்க்கும். தேதி தாண்டிய ஒவ்வொரு மாதத்துக்கும் மோட்டார் சைக்கிளுக்கு 300 ரூபாய் கூடுதல் கட்டணம் என்று அதே 2022 விதியில் இருக்கிறது. மாதத்தில் ஒரு நாள் தாண்டினாலும் முழு மாதக் கணக்கு. ஐந்து வருடம் கண்டுகொள்ளாமல் விட்டால் 60 மாதம், 18,000 ரூபாய். நல்ல விலைக்குப் போகாத வண்டி என்றால் அதன் விலையையே தாண்டிவிடும். உங்கள் வண்டிக்கு மொத்தம் எவ்வளவு என்பது மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டதும் திரையில் வந்துவிடும். யாரிடமும் பணம் கொடுப்பதற்கு முன்னால் அதைப் பார்த்துவிடுங்கள்.

பழைய காகித புக்கும் சேஸிஸ் நம்பரும்

இங்கேதான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். தொண்ணூறுகளில் பதிவான வண்டிகளுக்கு அட்டை போட்ட காகித ஆர்.சி. புக்தான் இருக்கும். அந்த விவரம் கணினியில் ஏற்றப்படாமலே இருந்தால், தளத்தில் வண்டி எண்ணைப் போட்டதும் 'விவரம் இல்லை' என்று வரும். வண்டி ரத்தாகிவிட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை. எந்த ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவானதோ, அங்கே அசல் புக்கைக் கொண்டுபோய் 'பேக்லாக் என்ட்ரி', அதாவது விட்டுப்போன பழைய விவரத்தைக் கணினியில் ஏற்றும் பதிவு, போடச் சொல்ல வேண்டும். சேலம் மாநகரிலேயே டி.என். 30 மேற்கு, 54 கிழக்கு, 90 தெற்கு என்று மூன்று அலுவலகம் இருப்பதால், வீட்டுக்குப் பக்கம் எது என்று பார்க்காதீர்கள். புக்கில் முத்திரை எந்த அலுவலகத்துடையது, அது இப்போது எதன் கீழ் வருகிறது என்று விசாரித்துவிட்டுப் போங்கள்.

ஏற்றி முடித்ததும் திரையில் தெரியும் சேஸிஸ் எண்ணை, அதாவது வண்டியின் இரும்புச் சட்டகத்தில் அடித்திருக்கும் எண்ணை, ஒவ்வோர் எழுத்தாகப் படித்துப் பாருங்கள். பழைய புக்கில் மை மங்கி 3-ம் 8-ம் ஒன்றுபோலத் தெரியும். ஒரே ஓர் எண் தவறினாலும், பிறகு வண்டியைக் காட்டப் போகும்போது பொருந்தாது. திருத்துவதற்கு மறுபடி அலைய வேண்டும்.

2022-ல் எனக்கு வேறு மாதிரி ஆனது. அதற்கு ஒரு வருடம் முன்னால் வண்டிக்குப் பெயின்ட் அடிக்கக் கொடுத்திருந்தேன். பெயின்டர் நல்ல வேலைக்காரர்தான். ஆனால் ஹேண்டில்பாருக்குக் கீழே, சேஸிஸ் கழுத்தில் எண் அடித்திருக்கும் இடத்தில் பட்டி பூசி வழவழவென்று ஆக்கிவிட்டார். அலுவலகத்தில் பென்சில் பிரிண்ட் கேட்டார்கள். காகிதத்தை வைத்துத் தேய்த்தால் வெறும் கறுப்புதான் வருகிறது, எண் எழும்பவில்லை. பிரேக் இன்ஸ்பெக்டர், அதாவது மோட்டார் வாகன ஆய்வாளர், வந்து பார்த்துவிட்டு, "இதைச் சுத்தம் பண்ணிட்டு வாங்க தம்பி. அரம் மட்டும் போட்டுறாதீங்க" என்றார். அவர் சொன்னது பொன்னான வார்த்தை. அரமோ எமரியோ போட்டால் எண்ணை யாரோ திருத்தியதுபோலத் தெரியும். திருட்டு வண்டியோ என்ற சந்தேகம் வந்துவிடும். பெயின்ட் ரிமூவரைத் தடவி, பத்து நிமிடம் ஊறவிட்டு, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்தேன். முதலில் ஒரு 'எல்' எழுந்தது, அப்புறம் மூன்று எண். அப்பா வண்டி எடுத்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே மீண்டு வந்தது. இப்போது அந்த இடத்தில் பெயின்ட் கிடையாது. லேசாக கிரீஸ் தடவி, மேலே டேப் ஒட்டி வைத்திருக்கிறேன்.

புகைச் சான்று: டியூனிங்தான் விஷயம்

புதுப்பிக்கும்போது நடப்பில் உள்ள இன்ஷூரன்ஸும் புகைச் சான்றும் இருக்க வேண்டும். மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் 2022 ஜூன் கட்டணப்படி 75 முதல் 150 சி.சி. வரை 714 ரூபாய், 150-க்கு மேல் 350 வரை 1,366, வரி தனி. அது எளிது. பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்து எரியும் டூ ஸ்ட்ரோக் வண்டிக்காரர்களுக்கு நெஞ்சு படபடப்பது புகைச் சோதனையில்தான்.

2000 மார்ச் 31 வரை தயாரான இரு சக்கர வண்டிக்கு அளவு இது: கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 9,000 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு). அதற்குப் பிறகு வந்த டூ ஸ்ட்ரோக்குக்கு 3.5 சதவீதமும் 6,000-மும். சோதனை செய்பவர் தயாரித்த வருடத்தைத் தவறாகப் போட்டால், தேற வேண்டிய வண்டி தேறாமல் போகும். பக்கத்திலேயே நின்று, வருடம் சரியாகப் போடுகிறார்களா என்று பாருங்கள். சான்று ஆறு மாதம் செல்லும். இல்லாமல் பிடிபட்டால் சட்டப்படி 10,000 ரூபாய் வரை அபராதம்.

சோதனைக்கு முந்தின நாள் நான் செய்வது: ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்வேன். சைலன்ஸரின் உள்குழாயை உருவி, ஒட்டியிருக்கும் கார்பனைச் சுரண்டி எடுப்பேன். பிளக் கழற்றிப் பார்த்தால் வண்டி எல்லாம் சொல்லிவிடும்: முனை காப்பிப் பொடி நிறத்தில் இருந்தால் சரி, ஈரக் கறுப்பாக இருந்தால் பெட்ரோலோ ஆயிலோ அதிகம். ஆயில் பம்பின் கேபிள் சரியான அளவில் இருக்கிறதா என்று அடையாளக் கோடுகளை வைத்துப் பார்ப்பேன். மறுநாள் பத்து கிலோமீட்டராவது ஓட்டி, எஞ்சின் நன்றாகச் சூடான பிறகே சோதனைக்கு நிறுத்துவேன். குளிர்ந்த எஞ்சினோடு, சோக் இழுத்த நிலையில் போய்த் தேறவில்லை என்று வருத்தப்படுபவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

மலையில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். சேலம் முந்நூறைக்கூடத் தொடாது. உயரத்தில் காற்று அடர்த்தி குறைவதால், சேலத்தில் டியூன் செய்த கார்ப்ரேட்டர் மேலே போனால் பெட்ரோல் அதிகமாகக் குடித்து, பிளக்கைக் கறுப்பாக்கும். நாகலூர் பக்கம் எஸ்டேட்டில் ஓடும் வண்டியை அங்கேயே டியூன் செய்து வைத்திருந்தால், கீழே இறங்கியதும் பெட்ரோல் குறைந்து எஞ்சின் சூடேறும். சோதனைக்காகச் சேலம் வருகிற அன்று கார்ப்ரேட்டரில் காற்றின் அளவைச் சரிசெய்யும் ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்று, அரைச் சுற்று திருகிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பிரேக் இன்ஸ்பெக்டர் பார்ப்பது பெரும்பாலும் நீங்களே பார்க்கக்கூடியவைதான்: பிரேக், ஹாரன், ஹெட்லைட், பிரேக் லைட், இண்டிகேட்டர், கண்ணாடி, டயர், நம்பர் பிளேட். டிரம் பிரேக்கை அவருக்காக மட்டும் சரிசெய்யாதீர்கள். அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு. இறங்கும்போது டூ ஸ்ட்ரோக் எஞ்சின் அதிகம் இழுத்துப் பிடிக்காது, முழுப் பாரமும் அந்த இரண்டு டிரம்மில்தான். ஷூ பளபளவென்று கண்ணாடியாகியிருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேயுங்கள், தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். இறக்கத்தில் நியூட்ரலில் விடவே கூடாது. இரண்டாம் கியரில் இறங்கி, இடையிடையே ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் திருகி விட்டால்தான் எஞ்சினுக்கு ஆயில் போகும். காலையில் காப்பிச் செடி பூத்த வாசனையோடு அந்தச் சாலையில் இறங்குவதற்காகத்தானே இத்தனை பாடும்.

சைலன்ஸரை மாற்றிச் சத்தமாக வைத்திருந்தால் புதுப்பித்தலுக்குள் பழையதை மாட்டிவிடுங்கள். ஆர்.சி.யில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றினால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ என்று சட்டத்தில் இருக்கிறது. நிறம் மாற்றியிருந்தாலும் ஆர்.சி.யில் பதிய வேண்டும்.

அப்பா பேரில் இருக்கும் வண்டி

உரிமையாளர் இறந்துபோனால் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் படிவம் 31-ல் பெயர் மாற்ற விண்ணப்பம். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும். எங்கள் வீட்டில் அப்பா 2016-ல் தவறியபோது அந்த மூன்று மாதம் இது யாருக்கும் நினைவிலேயே இல்லை. பின்னால் அக்கா கையெழுத்துக்காகத் திருச்சிக்கும் சேலத்துக்கும் இரண்டு முறை அலைந்தேன். இப்போது ஆர்.சி.யில் வாரிசுதாரரின் பெயரை முன்கூட்டியே பதிய வழி உண்டு, 2021-ல் கொண்டுவந்தார்கள். அப்பா, அம்மா பேரில் வண்டி இருந்தால் இந்த வாரமே அதைச் செய்துவிடுங்கள்.

விண்டேஜ் பதிவு

முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய, எஞ்சினிலும் சேஸிஸிலும் பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்கு 2021 ஜூலையில் தனி விதி வந்தது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். எண்ணில் 'வி.ஏ.' என்ற எழுத்து வரும். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்று மட்டுமே வெளியே எடுக்கலாம். எழுபதுகளின் தொடக்கத்து ஜாவா, புல்லட் வைத்திருப்பவர்கள் யோசிக்கலாம். ஆர்.எக்ஸ்.காரர்களுக்கு 2035 வரை இந்தப் பேச்சே இல்லை. தினமும் ஓட்ட ஆசைப்படுபவர்களுக்கு ஐந்து வருடப் புதுப்பித்தலே போதும் என்பது என் கருத்து.

எடைக்குப் போடுகிறீர்களா, வாங்கப் போகிறீர்களா?

காயலான் கடைக்குப் போட்டே ஆக வேண்டும் என்றால், 14 நாளுக்குள் அலுவலகத்தில் தெரிவித்துப் பதிவை ரத்து செய்யுங்கள். இல்லாவிட்டால் அந்த எண் வேறு வண்டியில் ஓடினாலும் கேள்வி உங்களிடம்தான் வரும்.

மலை எஸ்டேட்டுகளில் பேப்பர் இல்லாத பழைய வண்டி மலிவாகக் கிடைக்கும். எஸ்டேட்டுக்குள் மட்டும் ஓடியதால் பதிவு தேவைப்பட்டிருக்காது. கேட்டைத் தாண்டிப் பொதுச் சாலையில் சக்கரம் பட்டதும் பதிவு கட்டாயம். ஆர்.சி. தொலைந்திருந்தால் போலீஸ் சான்றோடு படிவம் 26-ல் நகல் வாங்கலாம், அதையும் உரிமையாளர்தான் வாங்க முடியும். கர்நாடகப் பதிவு என்றால் படிவம் 28-ல் தடையின்மைச் சான்றும், இங்கே வரியும் வேண்டும். எதுவாக இருந்தாலும் ஒரு பென்சிலும் காகிதமும் எடுத்துப் போங்கள். சேஸிஸ் எண்ணை நீங்களே தேய்த்து எடுத்து, புக்கோடு வைத்துப் பாருங்கள். ஓர் எண் பொருந்தாவிட்டாலும் முன்பணம் கொடுக்காமல் திரும்பி வந்துவிடுங்கள்.