உப்பிய கன்னம் சதையல்ல

"அவன் கொழுகொழுன்னுதானேம்மா இருந்தான்?"

இந்த மழைக்காலத்தில் இந்தக் கேள்வி என் காதில் விழுவது மூன்றாவது தடவை. முதல் இரண்டு தடவையும் பொறுமையாகப் பதில் சொன்னேன். இந்தத் தடவை போனிலேயே கத்திவிட்டேன். பிறகு மன்னிப்பும் கேட்டேன். எரிச்சல் மட்டும் போகவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

கேட்டவர் ஜாம்பியாவின் தலைநகர் லுசாக்காவில் பல வருடமாக இருக்கும் நம்மூர் அக்கா. நல்ல மனுஷி. அவர் வீட்டில் வேலை செய்யும் பெண்ணுக்கு 19 மாதத்தில் ஒரு பையன். காம்பவுண்டில் வீடு. (இங்கே காம்பவுண்ட் என்றால் மதில் சுவர் இல்லை. குழிக் கழிப்பறையும் ஆழமில்லாக் கிணறும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் நெருக்கடியான குடியிருப்பு.) பையனுக்கு இரண்டு வாரமாக வயிற்றுப்போக்கு. தாய்ப்பால் நிறுத்தி ஐந்தாறு மாதம். இரண்டு வேளையும் மக்காச்சோளக் கஞ்சிதான். பார்த்த அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. தாயையும் பிள்ளையையும் மூன்று நாள் வீட்டோடு தங்கவைத்தார். பால்பவுடரைக் கெட்டியாகக் கரைத்துக் கொடுத்தார். நெய்ச்சோறு, முட்டை, கூடவே இரும்புச்சத்து டானிக். நான்காம் நாள் காலை பையன் கண் திறக்கவில்லை. உடம்பு ஜில்லிட்டுக் கிடந்தது.

பிழைத்துவிட்டான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்க்கும் வார்டுக்கு ஜனவரியில் வந்த குழந்தை பிழைக்கவில்லை.

அக்கா பார்த்த கொழுகொழுப்பு சதையல்ல, நீர். இந்த நோய்க்குக் குவாஷியோர்கர் என்று பெயர். கானாவின் கா மொழிச் சொல். 1930களில் அங்கே வேலை பார்த்த சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர் இதை மருத்துவ உலகுக்குக் கொண்டுவந்தார். அடுத்த குழந்தை பிறந்ததும் தாயின் மார்பிலிருந்து விலக்கப்பட்ட பிள்ளைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள். முகம் உப்பும், பாதம் வீங்கும், முடி செம்பட்டை பாய்ந்து உதிரும், தோல் உரியும். பிள்ளை விளையாடாது, சாப்பாட்டைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கட்டைவிரலால் பாதத்தின் மேல்புறத்தை மூன்று விநாடி அழுத்திப் பாருங்கள். இரண்டு காலிலும் குழி விழுந்து அப்படியே நின்றால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். வீக்கம் வடியட்டும் என்று நீர்மாத்திரை கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

பசித்தவனுக்குச் சோறு போடுவதுதான் முதல் தர்மம் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதில் தப்பில்லை. பசித்தவனுக்குப் போடுங்கள். இந்தப் பிள்ளை வெறுமனே பசித்தவன் இல்லை என்பதைத்தான் நான் வருடக்கணக்காகக் கத்திக்கொண்டிருக்கிறேன். மெலிந்தவன் நன்றாகச் சாப்பிட்டால் தேறிவிடுவான் என்ற கணக்கு உங்களுக்கும் எனக்கும் சரி, காய்ச்சலில் நாலு நாள் படுத்து எழுந்தவனுக்கும் சரி. தீவிர ஊட்டக்குறைவில் இருக்கும் குழந்தைக்கு அது பொருந்தாது. அவன் உடம்பு மாதக்கணக்கில் ஒவ்வொரு உறுப்பாக வேலையைக் குறைத்துக்கொண்டு ஓடுகிறது. திடீரென்று விருந்து வைத்தால் ரத்தத்தில் பொட்டாசியம், பாஸ்பேட் எல்லாம் சரிந்து இதயம் தடுமாறும். இரும்புச்சத்து டானிக் தேறிவரும் பிள்ளைக்குத்தான்; முதல் நாட்களில் அது கிருமிக்குத்தான் தீனி.

எங்கள் வார்டில் முதல் சில நாள் கொடுப்பது எஃப்-75 என்ற பால். 100 மில்லியில் 75 கலோரிதான், புரதமும் குறைவு. கிலோவுக்கு ஒரு நாளைக்கு 130 மில்லி. வீக்கம் கடுமையாக இருந்தால் 100 மில்லி. இரண்டு மூன்று மணிக்கொரு தரம், நடு இரவிலும். "ஆஸ்பத்திரியில் என் பிள்ளையைப் பட்டினி போடுகிறார்கள்" என்று அம்மாக்கள் சண்டைக்கு வருவார்கள். பார்க்க வரும் நம்மூர்த் தன்னார்வலர்களும் அதையே கொஞ்சம் கௌரவமாகச் சொல்வார்கள். வீக்கம் வடியத் தொடங்கி, பிள்ளை தானாகப் பசியெடுத்து அழுத பிறகுதான் அடுத்த கட்டத்துக்குப் போவோம். கலோரி கூடிய எஃப்-100 பால், இல்லையென்றால் பாக்கெட்டில் வரும் சிகிச்சை உணவான வேர்க்கடலை பேஸ்ட். குழந்தை அழுதால் நர்ஸ்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வது எங்கள் வார்டில்தான் நடக்கும்.

இவ்வளவு நிதானத்துக்கு இன்னொரு காரணம் குடல். பள்ளிக்கூடத்தில் படித்த குடலுறிஞ்சிகள் (சத்தை உறிஞ்சும் விரல் போன்ற நுண்ணிய நீட்சிகள்) இந்தப் பிள்ளைகளுக்கு மழுங்கிக் கிடக்கும், குடல் சுவர் கசியும். இது சாப்பாடு இல்லாததால் மட்டும் வருவதில்லை. அழுக்கும் கிருமியும் ஓயாமல் வயிற்றுக்குள் போய்க்கொண்டிருந்தாலும் வரும். லுசாக்காவின் மிசிசி காம்பவுண்டில் பால் கெல்லி என்ற குடல் மருத்துவரின் குழு, நோயென்று படுக்காமல் நடமாடிக்கொண்டிருந்த பெரியவர்களின் குடலைப் பயாப்ஸி எடுத்துப் பார்த்தது. ஏறக்குறைய எல்லோருக்கும் இந்தச் சேதம் இருந்தது. பெரியவர்கள் எப்படியோ சமாளிக்கிறார்கள். குழந்தைகளில் இதே கசிவை அளக்க, உறிஞ்சப்படாத சர்க்கரைக் கரைசலைக் குடிக்கவைத்து மணிக்கணக்கில் சிறுநீர் பிடிக்கும் சோதனை உண்டு. ஒன்றரை வயதுப் பிள்ளையிடம் சிறுநீர் பிடிக்கும் பாடு எந்த ஆராய்ச்சிக் கட்டுரையிலும் வராது.

'எல்லாம் சாப்பாடுதான்' என்று இன்னும் அடம்பிடிப்பவர்களுக்கு பக்கத்து நாடான மலாவியின் இரட்டையர்களைக் காட்டுவேன். அங்கே 317 இரட்டையர் ஜோடிகளை மூன்று வயது வரை பின்தொடர்ந்தார்கள். ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே கஞ்சி. 43 சதவீத ஜோடிகளில் ஒரு பிள்ளை ஊட்டக்குறைவில் விழுந்தது, மற்றது விழவில்லை. குவாஷியோர்கர் வந்த பிள்ளையின் மலத்திலிருந்த நுண்ணுயிரிகளைக் கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளுக்குள் செலுத்தி, மலாவிச் சாப்பாட்டையே கொடுத்தபோது எலிகள் எடை இழந்தன. வேர்க்கடலை பேஸ்ட் கொடுத்தபோது தேறின. பழைய சாப்பாட்டுக்கு மாறியதும் அந்தத் தேற்றம் நிலைக்கவில்லை. 2013இல் இது வெளிவந்தபோது எங்களில் யாருக்கும் ஆச்சரியமில்லை. வார்டிலிருந்து அனுப்பிய பிள்ளை கஞ்சிக்குத் திரும்பி, மறுபடி எங்களிடமே வருவதைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்.

அதே வருடம் மலாவியிலிருந்து இன்னொன்றும் வந்தது. 2,767 பிள்ளைகள், எல்லோருக்கும் அதே வேர்க்கடலை பேஸ்ட். அதோடு சிலருக்கு ஏழு நாள் ஆன்டிபயாடிக், மற்றவர்களுக்கு வெறும் மாவு மருந்து (ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுக்கும், மருந்தில்லாத போலி). மாவு மருந்துக் குழுவில் 7.4 சதவீதம் இறந்தார்கள். அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாடிக் வாங்கிய குழுவில் 4.8 சதவீதம். தட்டில் இருந்த சாப்பாடு இரண்டு பக்கமும் ஒன்றுதான். (இதைப் படித்துவிட்டு மருந்துக்கடைக்கு ஓடவேண்டாம். பிறகு நைஜரில் நடந்த ஆய்வில் தேறியவர்கள் விகிதத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. யாருக்கு, எப்போது என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.)

அழுக்குதான் காரணமென்றால் கழிப்பறை கட்டிவிடலாமே என்பது அடுத்த ஆர்வக்கோளாறு. நாங்களும் அப்படித்தான் நம்பினோம். ஜிம்பாப்வேயின் சிருமன்சு, ஷுருக்வி மாவட்டங்களில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளைச் சேர்த்து நடந்தது ஷைன் ஆய்வு. சில வீடுகளுக்குக் கழிப்பறை, கை கழுவக் குழாய், சோப்பு, குளோரின், குழந்தை மண்ணும் கோழி எச்சமும் தின்னாமல் விளையாடத் தனி இடம். சில வீடுகளுக்கு ஆறாம் மாதத்திலிருந்து பதினெட்டாம் மாதம் வரை தினம் 20 கிராம் சத்துப் பசையும், எப்படி ஊட்டுவது என்ற பயிற்சியும். 2019இல் முடிவு வந்தது. சத்துப் பசை வளர்ச்சி குன்றலை (வயதுக்கேற்ற உயரம் இல்லாமையை) 35 சதவீதத்திலிருந்து 27க்கு இறக்கியது. கழிப்பறையும் சோப்பும் உயரத்தைக் கூட்டவில்லை, வயிற்றுப்போக்கைக்கூடக் குறைக்கவில்லை. கூட்டங்களில் அதைப் பற்றிப் பேசும்போது இன்றும் சிலர் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். கழிப்பறை வேண்டாம் என்று அர்த்தமில்லை. கோழியும் மண்ணும் கிணறும் சூழ்ந்த முற்றத்தில் ஒரு குழியும் ஒரு சோப்பும் போதாது என்று அர்த்தம். 35ஐ 27 ஆக்கிய பசையும் மிச்சம் 27ஐ விட்டுவைத்திருக்கிறது, அதையும் பாருங்கள்.

'அப்போ புரோபயாடிக் (குடலுக்கு நல்ல பாக்டீரியா) கொடுக்கலாமே' என்று வாட்ஸ்அப்பில் கேட்டவர்களுக்கு: மலாவியில் 795 பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்தாயிற்று, தேறியவர்கள் எண்ணிக்கை கூடவில்லை. லுசாக்காவிலும் ஜிம்பாப்வேயின் ஹராரேயிலும் 125 பிள்ளைகளிடம் குடலை ஆற்றும் நான்கு வழிகளைச் சோதித்தார்கள். அதில் ஒன்று மாட்டுச் சீம்பால். இதை எழுதவே பயமாக இருக்கிறது, நாளைக்கே 'ஆப்பிரிக்கக் குழந்தைகளைக் காப்பாற்றிய நம் பாட்டி வைத்தியம்' என்று யாராவது கிளப்பிவிடுவார்கள். அது சின்ன, ஆரம்பக்கட்டச் சோதனை. அதை வைத்து யாரும் எதையும் எழுதிக்கொடுப்பதில்லை.

நான் கெஞ்சிக் கேட்பது வார்டிலிருந்து வீட்டுக்குப் போன பிறகான நாட்களைப் பற்றி. ஜாம்பியா, ஜிம்பாப்வே ஆஸ்பத்திரிகளிலிருந்து வீடு திரும்பிய பிள்ளைகளை ஒரு வருடம் பின்தொடர்ந்தபோது, ஏறக்குறைய பத்தில் ஒருவர் அந்த ஒரு வருடத்துக்குள் இறந்திருந்தார்கள். எச்.ஐ.வி. உள்ள பிள்ளைகளுக்கும், முழுதாகத் தேறாமல் வீடு போனவர்களுக்கும் ஆபத்து இன்னும் அதிகம். டிஸ்சார்ஜ் சீட்டைப் பார்த்து இனிப்பு கொடுக்காதீர்கள். மறுபரிசோதனை தேதியைப் பாருங்கள்.

லுசாக்கா, ஹராரே, மலாவியின் பிளான்டயர் பக்கம் இருக்கும் நம்மவர்களுக்கு: வீட்டில் வேலை செய்பவரின் பிள்ளை மெலிந்தாலோ உப்பினாலோ உங்கள் சமையலறையைத் திறக்காதீர்கள், வண்டியைத் திறங்கள். கிளினிக்கில் கையைச் சுற்றி ஒரு டேப் வைப்பார்கள். ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுக்குள் 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் தீவிரம். வீக்கமில்லாமல், பசியோடு இருக்கும் பிள்ளைக்கு வேர்க்கடலை பேஸ்ட் பாக்கெட்டைக் கொடுத்து வீட்டுக்கே அனுப்புவார்கள். அந்தப் பாக்கெட் அந்தப் பிள்ளைக்கான மருந்து, அண்ணன் அக்காளுக்குப் பங்கு போடும் பண்டமில்லை. போகும் வழியில் உடம்பு ஜில்லிட்டால் பிள்ளையைத் தாயின் நெஞ்சோடு சேர்த்து மூடுங்கள். விழுங்கும் தெம்பிருந்தால் சர்க்கரைத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். அதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

நோயில்லாத பிள்ளைக்குத் தாராளமாகச் செய்யுங்கள். கஞ்சியில் வேர்க்கடலை விழுது, வறுத்துப் பொடித்த கபெண்டா (நம் நெத்திலி மாதிரி), முட்டை, தட்டைப்பயறு எல்லாம் இங்கேயே கிடைக்கும். வெளிநாட்டிலிருந்து பால்பவுடர் டப்பா அனுப்பும் சங்கங்களே, நிறுத்துங்கள். அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான் அது கரையும், அதை நம்பித் தாய்ப்பாலும் நிற்கும். பணமாகக் கொடுங்கள். எங்கள் அம்மாக்கள் மறுபரிசோதனைக்கு வராமல் போவதற்குப் பாதிக் காரணம் மினிபஸ் காசு.

அக்கா, இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். கத்தியதற்கு மறுபடியும் மன்னிப்பு. பையனுக்கு வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு மறுபரிசோதனை. அவன் அம்மாவுக்கு அன்றைக்கு லீவு கொடுங்கள், சம்பளத்தில் பிடிக்காமல்.